நாற்பதாவது பெயர்

“ஆட்டமெல்லாம் முடிஞ்சப்புறம் ஆட்டக்காரங்களை எங்க எடுத்து வெப்பாங்க அப்பா?”

க்ரெட்டா ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். கோடைகாலத்துத் துணிகளை அந்துருண்டை போட்டுப் பெட்டிக்குள் வைப்பது போல, பேஸ்பால் ஆட்டக்காரர்களையும் குளிர்காலம் முடியும்வரை எங்கேயோ அடுக்கி மூடி வைப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். முன்சீட்டில் இருந்த அவள் அம்மா ஜோலீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரை ஓட்டிக்கொண்டிருந்த ஹால்வர் லிண்ட், “அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்கம்மா” என்று சொல்லி வைத்தார்.

அது பாதி உண்மைதான் என்று அவருக்கு அப்போதே தெரியும். வீட்டுக்குத்தான் போவார்கள். ஆனால் போன பிறகு, சாப்பிடும்போதும் தொலைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒவ்வோர் அணிக்கும் நாற்பது பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் இருக்கும் ஆளை வேறு எந்த அணியும் தொடக் கூடாது, பேச்சுக்கும் அழைக்கக் கூடாது. நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை ஏழு மணிக்குள், அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று எல்லா அணிகளும் சொல்லிவிட வேண்டும். க்ரெட்டா கேட்டது அவ்வளவு தவறான கேள்வி இல்லை. அவர்களை ஒரு காகிதத்தில்தான் எடுத்து வைக்கிறார்கள்.

க்ரெட்டாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. ஆரெகனில் குடும்பத்தோடு இருக்கிறாள், ஞாயிறுதோறும் அழைப்பாள். ஜோலீன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அறுபத்துமூன்று வயது ஹால்வர், அயோவாவின் வடகிழக்கு மூலையில் டெக்கோரா என்ற சிறு ஊரில், மூன்று பேருக்காகக் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். இருபத்தொன்பது வருடமாக ஹெரன்ஸ் அணிக்கு அவர் ஸ்கவுட். கோடை முழுவதும் ஊர் ஊராகப் போய், கையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதி அனுப்புவது வேலை. குளிர்காலத்தில் பார்க்க யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் நவம்பரில்தான் அவருக்குக் காதில் விழ ஆரம்பிக்கும்.

அந்த வாரம் புதன்கிழமை காலை ஏட்ரியன் ரோத் அழைத்தான். அணியின் துணை மேலாளர், முப்பத்தைந்து வயது. கையில் மட்டையைப் பிடித்ததைவிடப் பேனாவைப் பிடித்ததுதான் அதிகம். ஆனாலும் கெட்டவன் இல்லை.

“பெரியவரே, சாப்பிட்டாச்சா? இல்ல இன்னைக்கும் காப்பியில பிஸ்கட்டை நனைச்சுக்கிட்டு இருக்கீங்களா?”

“நனைச்சு முடிச்சாச்சு. விஷயத்தைச் சொல்லுங்க.”

“முப்பத்தொன்பது பேர் முடிவாயிடுச்சு. நாற்பதாவது பேரு உங்க ஆளுதான். வெஸ் கார்டோவா. வெச்சுக்கறோம்.”

ஹால்வருக்கு மனம் குளிர்ந்தது. வெஸ் கேட்சர், பிட்சர் எறியும் பந்தை எதிரே குந்தியிருந்து பிடிக்கிறவன். முப்பத்துமூன்று வயது. இத்தனை வருடத்தில் பெரிய அணியில் ஆடிய நாட்களைவிடக் கீழே துணை அணியில் பேருந்தில் போன நாட்கள் அதிகம்.

“ரெண்டாவது கேட்சராவா?”

“அதுக்கு இல்ல. இது உங்க காதோட இருக்கட்டும். பெரிய கேட்சர் ஒருத்தரோட பேச்சு நடக்குது. அவரோட ஏஜென்ட் ஜனவரிக்கு முன்னால வாயைத் திறக்க மாட்டான். அவரு வந்துட்டா வெஸ்ஸுக்கு இங்க இடம் இல்ல. வரலைன்னா வெஸ் இருக்கான். மழை வந்தா பிடிக்க ஒரு குடை, அவ்வளவுதான்.”

“அவரு வந்துட்டா வெஸ்ஸை ஜனவரியில விடுவீங்க. அப்ப அவன் எங்க போவான்? அதுக்குள்ள எல்லா அணியும் ரெண்டாவது கேட்சரை எடுத்து முடிச்சிருக்குமே.”

“அதுக்குத்தான் உங்க ஆகஸ்ட் அறிக்கை இருக்கே. இருங்க, வாசிக்கறேன்.” காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “‘எங்கே உட்கார வைத்தாலும் முகம் சுளிக்காமல் காத்திருப்பார்.’ இந்த ஒரு வரிதான் பெரியவரே. இதே இடத்துல வேற எவனாவது இருந்தா ஏஜென்ட்டை விட்டு ஆபீஸையே ரெண்டாக்கிடுவான். இவன் பேசாம இருப்பான்னு நீங்களே சொல்லிட்டீங்க.”

ஹால்வர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“இன்னொண்ணு. ஒரு எட்டு போய் அவன் தோள்பட்டையைப் பாத்துட்டு வந்துடுங்க. ஆகஸ்ட்ல நீங்க எழுதின ஒண்ணு புள்ளி ஒன்பது ஆறு இப்பவும் வருதான்னு. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு.”

தொலைபேசியை வைத்த பிறகும் அவர் வெகுநேரம் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த வரியை அவர் ஆகஸ்டில் எழுதியபோது, ஒரு நல்ல மனிதனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என்றுதான் எழுதினார். அதையே பிடித்துக்கொண்டு அவனைக் கட்டிப்போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

அதைவிட மோசமானது அந்த எண். முதல் பேஸில் நிற்கும் எதிரணி ஓட்டக்காரன், பிட்சர் எறியும் நேரம் பார்த்து, அடுத்த நிலையான இரண்டாம் பேஸைத் திருட ஓடும்போது, பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த கணத்திலிருந்து அவன் எறிந்து இரண்டாம் பேஸைச் சேரும்வரை எத்தனை நொடி என்று ஸ்கவுட்கள் அளப்பார்கள். ஒன்று புள்ளி ஒன்பது ஆறு என்றால் நல்ல கை, இரண்டைத் தாண்டினால் மெதுவான கை. ஆகஸ்டில் ஆறு நாள் உட்கார்ந்து வெஸ் எறிந்த பதினோரு பந்துகளை ஹால்வர் அளந்தார். அந்த எண் ஒரே ஒரு தடவைதான் வந்தது. மற்றப் பத்தும் இரண்டைத் தாண்டின. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் பதினொன்றும் இருந்தன. அறிக்கையில், “1.96 வரை எறிகிறார்” என்று மட்டும் எழுதினார். இருபத்தொன்பது வருடத்தில் யாருக்காகவும் அப்படிச் செய்ததில்லை.

ஏன் செய்தார் என்பதை அவர் தமக்குத்தாமேகூட உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதத்துப் பகல் ஆட்டம். ஆற்றோரத்து ஊரான டேவன்போர்ட்டில், வேறோர் அணியின் இடதுகை பிட்சர் ஒருவனைப் பார்த்து மறுநாள் காலைக்குள் அறிக்கை தர வேண்டியிருந்தது. அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு அறிக்கைகள் தாமதம். அப்போதிருந்த மேலதிகாரி இன்னொரு தவறுக்காகக் காத்திருந்தார். வேலை போனால் ஜோலீனின் மருத்துவக் காப்பீடும் போகும். மூன்றாவது இன்னிங்ஸில், ஜோலீன் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். ஹால்வர் எழுந்து காருக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டார். திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்து, தண்ணீர்க் குழாயோடு இரண்டு பேர் மைதானத்தை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். மடியில் இருந்த தாள் மூன்றாவது இன்னிங்ஸோடு நின்றிருந்தது. குளித்த ஈரத் தலையோடு, ஒரு சாண்ட்விச்சைக் கடித்தபடி வெளியே வந்த இளம் கேட்சர் ஒருவன் அவரைப் பார்த்தான், தாளையும் பார்த்தான்.

“எதுலேருந்து விட்டுட்டீங்க சார்?”

“மூணாவதுலேருந்து.”

அவன் படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். “எழுதிக்கோங்க. மூணாவது இன்னிங்ஸ், முதல் ஆளு. வேகப் பந்து, வெளிப்பக்கம், விட்டுட்டான். அடுத்தது வளைஞ்சு கீழ போச்சு, வீசித் தப்பவிட்டான்...”

எழுபத்தொரு பந்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். தன் பிட்சர்தானே என்று மறைக்கவும் இல்லை. “அஞ்சாவதுல அவனுக்குக் கை அசந்துபோச்சு சார், அதையும் போட்டுக்கோங்க. வேகம் எவ்வளவுன்னு மட்டும் எனக்குத் தெரியாது. அதை அளந்தவங்க யாரையாவது கேட்டுக்கோங்க.” என்ன நடந்தது, ஏன் போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேருந்து ஹாரன் அடித்ததும் எழுந்து ஓடினான். ஹால்வர் நன்றி சொல்லக்கூட வாய் எழாமல் உட்கார்ந்திருந்தார். தாளின் ஓரத்தில் ‘கேட்சர் சொன்னது’ என்று நேர்மையாகக் குறித்துத்தான் அனுப்பினார். மேலதிகாரி அதைக் கவனிக்கவே இல்லை. வேலையும் காப்பீடும் தப்பின. பதினேழாம் நாள் ஜோலீன் வீட்டிலேயே, தன் கட்டிலில், வலி தெரியாமல் கண்ணை மூடினாள். செவிலி கடைசிவரை வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கேட்சர்தான் வெஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கெங்கோ சுற்றி ஹெரன்ஸ் அணிக்கே வந்து சேர்ந்தான். அந்த நாளைப் பற்றி அவனும் பேசியதில்லை, இவரும் பேசியதில்லை. அவனுக்கு அது நினைவிருக்கிறதா என்றுகூட ஹால்வருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அதிகாலை கிளம்பி, மூன்றரை மணி நேரம் ஓட்டி, இல்லினாயில் வெஸ்ஸின் ஊரான கேல்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். டிராக்டர் விற்கும் கொட்டகையாக இருந்த இடத்தை வலை கட்டிப் பயிற்சிக்கூடமாக்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் வெஸ் அங்கே மாலைநேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். வெளியிலிருந்த குளிரைவிட உள்ளே ஒரு சுற்றுக் குறைவு, அவ்வளவுதான். பந்து எறியும் இயந்திரத்தின் பின்னால் வெஸ்ஸின் மனைவி மாரிபெல் கம்பளித் தொப்பியோடு நின்றாள்.

“வாங்க மிஸ்டர் லிண்ட். இந்த வீட்டுல பிட்சரும் நான்தான், சமையல்காரியும் நான்தான். சம்பளத்தை மட்டும் எந்த அணி குடுக்கும்னு தெரியல.”

“நீங்க ஏஜென்ட் வெச்சுக்கணும்” என்றார் ஹால்வர்.

“இருக்கற ஏஜென்ட்டே போனை எடுக்க மாட்டேங்கறான்” என்றான் வெஸ், முகமூடிக்குள்ளிருந்து.

இயந்திரம் பந்தைத் துப்பியது. வெஸ் பிடித்தான், எழுந்தான், எறிந்தான். இரண்டாம் பேஸ் தொலைவில் தொங்கவிட்டிருந்த வலையில் பந்து போய் அடித்தது. ஹால்வரின் கட்டைவிரல் தன் பழக்கத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தியது. இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்பது. அடுத்தது இரண்டு புள்ளி ஒன்று ஒன்று. பன்னிரண்டு பந்துகள். ஒன்றுகூட இரண்டுக்குக் கீழே வரவில்லை.

“எவ்வளவு?” என்று கேட்டான் வெஸ்.

ஸ்கவுட்கள் எண்ணைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஹால்வர் சொன்னார்.

வெஸ் தலையாட்டினான். “எனக்கே தெரியும். உங்ககிட்ட கேட்டா பொய் வராதுன்னுதான் கேட்டேன்.”

அந்த வார்த்தை ஹால்வரை எங்கே போய்க் குத்தியது என்று அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

“ஆனா காலைப் பாத்தீங்களா? கை குறைஞ்சதைக் காலால ஈடுகட்டறேன். பிட்சர் சீக்கிரம் எறிஞ்சா எனக்குப் போதும். நம்ம பசங்கதான், காலைத் தூக்கிட்டு முழு ஜெபத்தையும் முடிச்சு, ஆமென் சொல்லிட்டுத்தான் பந்தை விடறாங்க. அதுக்குள்ள ஓட்டக்காரன் பேஸுக்குப் போய் ஷூ லேஸையே கட்டிடறான்.”

அது உண்மை. ஹெரன்ஸ் பிட்சர்களைப் போல மெதுவாக எறிபவர்கள் அந்த லீகில் வேறு அணியில் இல்லை.

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். மாரிபெல் காரமான பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும், அந்தப் பக்கத்து வழக்கப்படி கூடவே இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் வைத்தாள். ஹால்வர் தலை குனிந்து ஜெபித்தார். அவர்களும் கரண்டியைக் கீழே வைத்துக் காத்திருந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்த மேசையில் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவர் கணக்குப் பார்க்கப் போனார், வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

“இந்த வருஷம் எங்களை எந்த மோட்டல்ல உட்கார வெக்கப்போறாங்க?” என்று கேட்டாள் மாரிபெல். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். “போன மார்ச்ல அரிஸோனாவுல, பயிற்சி முகாம் முடியறவரைக்கும், ஒரே ரூம்ல நாலு பேரு. தினம் காலையில இவரு போய் சுவத்துல ஒட்டின பட்டியலைப் பாத்துட்டு வருவாரு. கடைசி நாளன்னைக்குக் கீழ துணை அணிக்கு அனுப்பிட்டாங்க. பெரியவ ஒரே வருஷத்துல ரெண்டு பள்ளிக்கூடம் மாறினா.”

“மாரி, அவரு சாப்பிடட்டும்.”

“சாப்பிடட்டும். நான் தட்டையா பிடுங்கறேன்?” அவள் ஹால்வர் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு என்ன முடிவுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லக் கூடாதுன்னா சொல்ல வேணாம்.”

ஹால்வர் கிண்ணத்தைப் பார்த்தார். “சொல்லக் கூடாதும்மா.”

“தெரியும்” என்றான் வெஸ். ரொட்டியைப் பிய்த்தான். “மேற்குக் கரையில ஒரு அணிக்கு ரெண்டாவது கேட்சர் வேணுமாம். ஏஜென்ட் காதுல விழுந்திருக்கு. அவங்க பிட்சர்ங்க எல்லாம் சட்டுனு எறியறவங்க. எனக்குன்னு தெச்ச சட்டை மாதிரி. ஆனா நான் இந்தப் பட்டியல்ல இருக்கறவரைக்கும் அவங்க என்கிட்ட பேசக் கூடாது. டிசம்பர் முதல் வாரத்துல யாரையாவது எடுத்துடுவாங்க.”

“நீ இங்க இருக்கத்தானே ஆசைப்படறே?” என்று கேட்டார் ஹால்வர்.

“ஆசைதான். ரெண்டு வருஷம் இருந்தாச்சு, எல்லாரையும் தெரியும். நீங்க இருக்கீங்க.” வெஸ் தோளைக் குலுக்கினான். “வெச்சுக்கணும்னா நிஜமா வெச்சுக்கட்டும். விடணும்னா விடட்டும். நடுவுல தொங்கவிடாம இருந்தா போதும். முப்பத்துமூணு வயசு ஆச்சு மிஸ்டர் லிண்ட். இன்னொரு குளிர்காலத்தை இப்படி ஓட்டினா, அப்புறம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுதான் முழுநேர வேலை.”

அவன் ஒன்றும் வேண்டிக் கேட்கவில்லை. நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கார்வரை வந்து, கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைத் தன் கையாலேயே சுரண்டிவிட்டு, “மெதுவா போங்க” என்றான்.

திரும்பும் வழியில் அறுவடை முடிந்த சோளக் காடுகள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. ஜனவரியில் நடக்கப்போவது ஹால்வருக்குத் தெரியும், வெஸ்ஸுக்குத் தெரியாது. அதைச் சொன்னால், நம்பிச் சொன்ன அணிக்குத் துரோகம். அவன் ஆட்டமே போய்விட்டது, உதவாதவன் என்று எழுதினால் பொய். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சுலபம். இருந்தால் நாளை மாலை வெஸ் மகிழ்ச்சியோடு அழைப்பான், மாரிபெல் பின்னாலிருந்து நன்றி சொல்வாள். ஜனவரி வரும்போது அவர்கள் ஏட்ரியன் ரோத்தைத்தான் திட்டுவார்கள்.

டுபுக் நகருக்கு வெளியே பெட்ரோல் பங்கில் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார். என்ன கேட்பது என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. “கர்த்தாவே, நல்லவன்னு பேர் வாங்கற ஆசையை என்கிட்டேருந்து எடுத்துப்போடும்” என்று கேட்டார்.

ஆகஸ்டில் அந்தப் பத்து எறிகளை மறைத்தது வெஸ்ஸுக்காக என்று அவர் நம்பியிருந்தார். அதில் பாதிக்கு மேல் தமக்காகத்தான். ஒருவனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதி தமக்கு வேண்டியிருந்தது. அன்று மறைத்த அதே உண்மைதான் இன்று அவனுக்கு உதவக்கூடியது. அதைச் சொன்னால் போதும். வேறு எதையும் கூட்ட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரோத்தை அழைத்தார்.

“ஆகஸ்ட் அறிக்கையில ஒரு தப்பு இருக்கு. என் தப்பு.” பதினோரு எண்களையும் நேற்றைய பன்னிரண்டையும் வாசித்தார்.

ரோத் எண்களைத் திரும்ப ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டான். “பத்தை மறைச்சீங்களா? நீங்களா?”

“நான்தான்.”

“ஏன் பெரியவரே?”

“அவன் மேல பிரியம்.”

“நல்ல பிரியம்.” ரோத் பெருமூச்சு விட்டான். “நம்ம பிட்சர்ங்களோட இந்தக் கையைச் சேத்தா, எதிராளி ரெண்டாவது பேஸுக்கு ஓடவே வேணாம், நடந்து போகலாம்.”

“அதனாலதான் சொல்றேன். குடைன்னீங்களே, இது நம்ம ஊர் மழைக்கு ஆகாது. அந்தப் பெரிய ஆளு வரலைன்னாலும் இவனை நீங்க ஆட வெக்க மாட்டீங்க. அப்புறம் எதுக்கு ஜனவரி வரைக்கும் கட்டி வெக்கறது? இன்னைக்கே விட்டுடுங்க.”

“சும்மா இருக்கற பேருதானே, சோறா கேக்குது?”

“அவன் வீட்டுல கேக்குது ஏட்ரியன்.”

மறுமுனையில் பேனாவைத் தட்டும் சத்தம். “சரி. எனக்கு எழுத்துல வேணும், உங்க பேரைப் போட்டு, ஆறு மணிக்குள்ள. வந்துட்டா அவன் பேரை எடுத்துடறேன். ஆனா ரெண்டு விஷயம். இந்த ஆபீஸ்ல எதையும் மூடி வெக்க முடியாது. யாரு எழுதினதுன்னு அவன் ஏஜென்ட்டுக்குப் போயிடும். அப்புறம், அடுத்த வருஷத்துலேருந்து உங்க அறிக்கையை மேல இருக்கறவங்க ரெண்டு தடவை படிப்பாங்க.”

“படிக்கட்டும். படிக்க வேண்டியதுதான்.”

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஆகஸ்டில் தாம் சேர்க்காமல் விட்ட பத்து எண்களையும் முதலில் போட்டார். விட்டது தம் தவறு என்று ஒரு வரி. பிறகு: “நம் பிட்சர்களோடு இவர் பொருந்தமாட்டார். சீக்கிரம் எறியும் பிட்சர்கள் உள்ள இடத்தில் இன்னும் மூன்று வருடம் நன்றாக ஆடுவார். இன்றே விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்.” தங்கமான மனிதர் என்று ஒரு வரி சேர்க்கக் கை போனது. அந்த மாதிரி வரி என்ன செய்யும் என்று பார்த்தாயிற்று. சேர்க்காமல், கீழே முழுப் பெயரைப் போட்டு, நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினார்.

ஏழு மணிக்குக் கணினியில் பட்டியல் வந்தது. எல்லா அணிகளும் சேர்ந்து அன்று விட்டவர்கள் ஐம்பத்திரண்டு பேர். ஹெரன்ஸ் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள். நடுவில் இருந்தது கார்டோவா, வெஸ்லி. பக்கத்திலேயே தொலைபேசியை வைத்திருந்தார். அன்று அது அடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, வாசலில் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அடித்தது.

“மிஸ்டர் லிண்ட்.” வெஸ்ஸின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. “மேற்குக் கரைக்காரங்க நேத்தே கூப்பிட்டாங்க. ரெண்டாவது கேட்சர். ஒரு வருஷத்துக்கு. செவ்வாய்க்கிழமை போய்க் கையெழுத்துப் போடறேன்.”

“நல்லது வெஸ். ரொம்ப நல்லது.”

“அதைச் சொல்ல நான் கூப்பிடல. என் கையைப் பத்தி எழுதினது நீங்கன்னு சொல்றாங்க. என்னை விடச் சொன்னதும் நீங்கதானாம். நம்ப மாட்டேன்னு மாரிகிட்ட சொன்னேன். நீங்களே சொல்லுங்க.”

“நான்தான் எழுதினேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடும் சத்தம். மனைவிக்குக் கேட்காத இடத்துக்குப் போயிருப்பான். “எங்க மேசையில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போய் எழுதினீங்க.”

“ஆமா.”

“நான் எறிஞ்சதைத்தான் எழுதியிருப்பீங்க. அதுல பொய் இருக்காது. ஆனா முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே. நான் தாங்கியிருப்பேனே.”

ஒரு வாக்கியம் போதும். ஜனவரியில் உன்னை விடுவதாக இருந்தார்கள் என்று சொன்னால் போதும். அந்த வாக்கியம் ஹால்வருடையது இல்லை. அணி நம்பிச் சொன்னது. அதைச் சொல்லிவிட்டால் வெஸ் அழுவான், மன்னிப்புக் கேட்பான், வாழ்நாள் முழுதும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பான். அந்த இனிமை எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஒரு கணம் வாய்வரை வந்தது.

“உன் கால் வேகம் நல்லா இருக்கு. அங்க அது பலிக்கும்” என்று மட்டும் சொன்னார்.

“சரி மிஸ்டர் லிண்ட். உடம்பைப் பாத்துக்கோங்க.”

தொடர்பு அறுந்தது. இனி அவன் அழைக்கமாட்டான் என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த கோடையில் எங்காவது ஒரு மைதானத்தில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டால், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான். பக்கத்தில் வந்து உட்காரமாட்டான்.

அவர் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக நின்றுகொண்டிருந்தார். பனி உருகித் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. பதினோரு வருடமாகப் பட்டிருந்த கடன் தீர்ந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது, கொடுத்தவனுக்குக்கூட. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. மற்ற பூட்ஸையும் கழற்றிச் சுவரோரம் வைத்தார். துணியை எடுத்துவந்து, மெதுவாக முழங்காலிட்டு, தரையில் இருந்த தண்ணீரைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் உடனே எழுந்திருக்கவில்லை.